கோவிந்தன் கிடைத்தால் திறக்கலாம்

போன வாரம் ஹரிணி போன் செய்தாள். நான் ஓய்வு பெறும்வரை வேலை பார்த்த கிள்ளான் மருத்துவமனையின் கணினிப் பிரிவுக்கு இப்போது அவள்தான் பொறுப்பு.

“அக்கா, பிஸியா?”

“ரிட்டையர் ஆனவகிட்ட கேக்கிற கேள்வியா இது? சொல்லு.”

“நம்ம டேட்டாபேஸ் செக்லிஸ்ட்ல பதினாலாவது ஸ்டெப்னு ஒன்னு இருக்குல்ல. ‘கோவிந்தன் ஏ/எல் முத்துசாமி என்று முழுப் பெயரையும் டைப் செய்யவும். கிடைத்தால் திறக்கலாம். கிடைக்காவிட்டால் திறக்கக் கூடாது.’ கீழ உங்க கையெழுத்து. யாருக்கா இந்த கோவிந்தன்? டத்தோ பட்டம் வாங்குன பெரிய ஆளா?”

“லோரி ஓட்டுனவரு.”

பிறகு ஹரிணி தயங்கித் தயங்கி விஷயத்துக்கு வந்தாள். இப்போதெல்லாம் டேட்டாபேஸை யாரும் அங்கே உட்கார்ந்து மூல நிரலிலிருந்து கம்பைல் செய்து உருவாக்குவதில்லை. எல்லாம் எங்கோ செய்து முடித்து, மூடி முத்திரை வைத்து வருகிறது. இவர்கள் ஓட விட்டால் போதும். அதனால் பழைய செக்லிஸ்டைச் சுருக்கப் போகிறார்கள். பதினான்காவது படியை எடுத்துவிடலாமா என்று கேட்டாள்.

போனில் பதில் சொன்னால் பாதிதான் போய்ச் சேரும், எழுதி அனுப்புகிறேன் என்றேன். அதைத்தான் பிரிக்பீல்ட்ஸ் பிளாட்டில், கீழே பஸ்களின் இரைச்சலைக் கேட்டுக்கொண்டே எழுதிக்கொண்டிருக்கிறேன்.

என் அப்பா செந்தூல் ரயில்வே பட்டறையில் பிட்டர். மூன்று பிள்ளைகளில் எனக்குத்தான் கணக்கு கொஞ்சம் ஒட்டியது என்று கம்ப்யூட்டர் படிக்க வைத்தார். ஷா ஆலம் தொழிற்சாலை ஒன்றில் சில வருடம், பிறகு கிள்ளானில் இந்தத் தனியார் மருத்துவமனை. தினமும் கொமுட்டர் ரயிலில் போய் வந்தே என் தலை நரைத்தது. படித்த காலத்தைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. வேலை என்று நான் கற்றதெல்லாம் என் மேலதிகாரி தணிகாசலம் சாரிடம்தான்.

அவர் கீபோர்டைத் தொட மாட்டார். தெரியாமல் இல்லை, எங்கள் எல்லோரையும் விட நன்றாகத் தெரியும். ஆனால் ஏதாவது ஒரு மெஷினில் வேலை நடக்கும்போது, பாலும் சர்க்கரையும் போடாத கோப்பி ஓவை மேசையோரம் வைத்துவிட்டு, நாற்காலியை நமக்குப் பின்னால் இழுத்துப் போட்டு, இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு உட்காருவார். திரையைப் பார்க்கக்கூட மாட்டார். “படிச்சுக் காட்டுங்க” என்பார். திரையில் வருகிற ஒவ்வொரு வரியையும் நாம் சத்தமாகப் படிக்க வேண்டும். “கண்ணு தாண்டிப் போயிடும் ரெஜினா. வாய் தாண்டாது” என்பது அவருடைய கட்சி.

புதிதாக வந்தவர்களுக்கு இது சித்திரவதை. ‘ஜெப வேளை’ என்று எங்களுக்குள் பேர் வைத்திருந்தோம். நான் மெத்தடிஸ்ட் ஆலயத்தில் வேத பாடம் வாசிக்கிறவள் என்பதால் எனக்கு ராகம் வேறு நன்றாக வருகிறது என்று கிண்டல் செய்வார்கள். நானும் சிரித்துக்கொண்டே படிப்பேன். ஒரே ஒரு நாள்தான் படிக்காமல் விட்டேன்.

எங்கள் டேட்டாபேஸ் ஓடிய பழைய சர்வருக்கு வயதாகிவிட்டது. புது மெஷின் வந்தது, அதில் புது லினக்ஸ். அதே டேட்டாபேஸ் வெர்ஷனைப் புது மெஷினில் மூல நிரலிலிருந்து கம்பைல் செய்து ஏற்ற வேண்டும். எங்கள் மருத்துவமனைக்கென்று சில மாற்றங்கள் அதில் சேர்த்திருந்ததால் கடையில் வாங்குகிற மாதிரி ரெடிமேடாக எடுக்க முடியாது. பொறுப்பு என்னிடம் வந்தது.

இந்த வேலை தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. டேட்டாபேஸ் என்பது எல்லாவற்றையும் தானே செய்வதில்லை. எழுத்துகளை வரிசைப்படுத்துவது, ரகசியமாக்குவது போன்ற வேலைகளுக்கு மெஷினில் ஏற்கெனவே இருக்கிற லைப்ரரிகளை நம்பியிருக்கும். லைப்ரரி என்றால் பலரும் எடுத்துப் பயன்படுத்தும்படி எழுதி வைத்த நிரல் தொகுப்பு. கம்பைல் செய்யும்போது முதலில் அதன் விவரக் குறிப்பைப் படித்துக்கொள்ளும், பிறகு அந்த லைப்ரரியோடு போய் இணையும்.

எனக்கு அந்த இணைக்கிற கட்டத்தில் நின்றது. ‘இப்படி ஒரு பங்ஷன் இல்லை’ என்று திரை முழுக்க வரிசையாக எழுதியது. மறுபடி ஓட்டினேன், மறுபடி அதே. ஒரு நாள் முழுக்க என் கண்ணில்தான் கோளாறு என்று நினைத்தேன். இரண்டாம் நாள் தேடிப் பார்த்ததில், வரிசைப்படுத்துகிற லைப்ரரி அந்த மெஷினில் இரண்டு இருப்பது தெரிந்தது. ஒன்று லினக்ஸோடு வந்த புதியது. இன்னொன்று எக்ஸ்ரே படம் பார்க்கிற சாப்ட்வேரை ஏற்றியவர்கள், சொல்லாமல் கொள்ளாமல் வேறொரு இடத்தில் வைத்துவிட்டுப் போன பழையது. என் கம்பைலர் குறிப்பைப் புதியதிலிருந்து படித்துவிட்டு, இணைவதற்குப் பழையதிடம் போய் நின்றது. ஒரு வீட்டுச் சாவியை வைத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக் கதவைத் திருகுகிற கதை.

அவசரப்பட்டவர்கள் இந்த இடத்தில் பழையதன் பெயரில் புதியதை ஒட்டிவிட்டுப் போய்விடுவார்கள். தணிகாசலம் சார் விட மாட்டார். எந்த நிரல் எந்த லைப்ரரியை எந்த இடத்திலிருந்து எடுக்கிறது என்று லினக்ஸிடமே கேட்டு, அந்தப் பட்டியலைத் தாளில் எழுதி, பழைய மெஷினின் பட்டியலையும் பக்கத்தில் வைத்து, ஒவ்வொன்றாக டிக் போட வேண்டும். போட்டேன். தேடுகிற பாதையைத் திருத்தி, பாதியில் நின்ற குப்பையையெல்லாம் துடைத்து, முதலிலிருந்து கம்பைல் செய்தேன். மூன்றாம் நாள் மதியம் ஒரு பிழையும் இல்லாமல் முடிந்தது. பசி தெரியாமல் உட்கார்ந்திருந்தவளுக்கு அப்போதுதான் வயிறு என்று ஒன்று இருப்பது தெரிந்தது.

இரண்டு பட்டியலுக்கும் நடுவே ஒரு வரி மட்டும் ஒத்துப்போகவில்லை. பழைய மெஷினில் வரிசைப்படுத்துகிற லைப்ரரி பழைய வெர்ஷன், இங்கே புது வெர்ஷன்.

“இது பரவாயில்லையா?” என்று சார் கேட்டார்.

“புதுசுதானே சார், இன்னும் நல்லாத்தான் இருக்கும்.”

இன்னொரு முடிவும் அன்று எடுத்தேன். பழைய தரவுகளை எழுத்தாக இறக்கி, புது மெஷினில் புதிதாக ஏற்றுவதுதான் முறை. அப்படி ஏற்றினால் எல்லாம் புதிதாக வரிசையாகும். ஆனால் அதற்கு நேரம் பிடிக்கும். கவுண்டரை அவ்வளவு நேரம் மூடி வைக்க நிர்வாகம் ஒப்புக்கொள்ளாது. அதனால் பைல்களை இருந்தபடியே தூக்கி வைத்துவிடலாம் என்று சொன்னேன். சாரும் யோசித்துச் சரி என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆராதனைக்குப் போகாமல் கிள்ளானுக்குப் போனேன். பைல்களை நகலெடுத்து, டேட்டாபேஸை எழுப்பினேன். எழுந்தது. சார் பின்னால் உட்கார்ந்து, “படிச்சுக் காட்டுங்க” என்றார். படித்தேன். நடுவில் எச்சரிக்கை வரிகள் வந்தன. ஒவ்வொன்றும் நீளமாக, பார்ப்பதற்கு ஒரே மாதிரி. மூன்று நாள் மல்லுக்கட்டி ஜெயித்த திமிர் எனக்கு. பிழை என்று ஒன்றுகூட இல்லை, வெறும் எச்சரிக்கைதானே.

“மிச்சமெல்லாம் வழக்கமா வர்ற வார்னிங்தான் சார்” என்று சொல்லி நிறுத்திக்கொண்டேன்.

அவர் கோப்பியைக் குடித்து முடித்தார். பத்து மணிக்குக் கவுண்டர் திறந்தது.

பதினொரு நாள் ஒரு குறையும் இல்லை. பன்னிரண்டாம் நாள் லேப் மேலாளர் எங்கள் இருவரையும் கூட்ட அறைக்கு வரச் சொன்னார். அங்கே ரத்தப் பிரிவில் வேலை பார்க்கிற சரோஜா உட்கார்ந்திருந்தாள். நானும் அவளும் ஒரே வருடம் வேலைக்குச் சேர்ந்தவர்கள். அவள் முகத்தைப் பார்த்ததுமே ஏதோ சரியில்லை என்று தெரிந்தது.

போர்ட் கிள்ளானில் லோரி ஓட்டுகிற கோவிந்தன் என்பவருக்கு, இடுப்பு எலும்பு அறுவை சிகிச்சையின்போது ரத்தம் ஏற்றினார்கள். ஒரு வாரம் கழித்து அவருக்குக் கண் மஞ்சளானது, சிறுநீர் கறுத்தது, சிறுநீரகம் சுணங்கியது. பல வருடங்களுக்கு முன் அவருக்கு ஏற்றிய ரத்தத்தில் ஒரு வகைக்கு எதிராக அவர் உடம்பு எதிர்ப்பு உண்டாக்கி வைத்திருந்தது. அது நாளாக ஆக வழக்கமான சோதனையில் தெரியாத அளவுக்குக் குறைந்துபோகும். ஆனால் அதே வகை ரத்தம் மறுபடி உள்ளே போனால் எழுந்து தாக்கும். இப்படிப்பட்டவர்களுக்காகவே லேபில் ஓர் எச்சரிக்கைப் பட்டியல் உண்டு. பழைய பதிவேட்டிலிருந்து ஏற்றியது. பழைய அடையாள அட்டை எண்கள் பலதும் அழிந்துபோனதால் பெயரை வைத்துத்தான் தேட வேண்டும். ரத்தம் கொடுப்பதற்கு முன் அந்தப் பட்டியலில் பார்க்க வேண்டியது சரோஜாவின் வேலை.

“நான் பாத்தேன். பேரு இல்ல” என்றாள் சரோஜா.

மேலாளர் என் பக்கம் திரும்பினார். பெயர் இருக்கிறதா இல்லையா, பார்த்துச் சொல்லுங்கள் என்றார். நான் லேப்டாப்பைத் திறந்து, சட்டென்று முடியட்டும் என்று ‘கோவிந்தன்’ என்பதை மட்டும் போட்டு, இந்தச் சொல் எங்கே வந்தாலும் காட்டு என்று தேடினேன். கோவிந்தன்கள் வந்தார்கள். அவர்களில் ஒருவர் முத்துசாமியின் மகன். பக்கத்தில் சிவப்பில் எச்சரிக்கை. திரையை அவர் பக்கம் திருப்பினேன்.

“இருக்கு” என்றேன்.

மேலாளர் பேனாவை மூடினார். சரோஜா அதுவரை நிமிர்ந்து உட்கார்ந்திருந்தவள், மேசையைப் பார்த்தாள். பார்க்காமலே ரத்தம் கொடுத்துவிட்டு, பார்த்தேன் என்று சாதிக்கிறாள் என்பதுதான் அந்த அறையின் முடிவு. அன்று மதியமே அவளை லேப் வேலையிலிருந்து நிறுத்தி வைக்கப் போகிறார்கள் என்பதும் பேச்சில் வந்துவிட்டது. அதற்குச் சாட்சி நான் காட்டிய திரை.

“நான் அப்படித் தேடல ரெஜினா” என்றாள் அவள். குரல் உயரவில்லை. “எங்க லேப்ல ரூல் இருக்கு. ஐ.சி.யில எப்படி இருக்கோ அப்படியே முழுப் பேரையும் அடிக்கணும். அப்படித்தான் அடிச்சேன். இல்லன்னுதான் வந்துச்சு.”

“நோ ரெக்கார்டுனு வந்துச்சா?” என்று தணிகாசலம் சார் கேட்டார்.

“ஆமா சார்.”

“ரெஜினா, அவங்க அடிச்ச மாதிரியே அடிங்க.”

அடித்தேன். நம் ஆட்களுடைய ஐ.சி.யில், அதாவது அடையாள அட்டையில், பிள்ளை பெயருக்கும் தகப்பன் பெயருக்கும் நடுவே ஏ/எல் என்று இருக்கும், பெண் என்றால் ஏ/பி. மலாயில் மகன், மகள் என்று அர்த்தம். கோவிந்தன் ஏ/எல் முத்துசாமி என்று முழுக்க அடித்துத் தட்டினேன்.

ஒரு பதிவும் இல்லை.

மறுபடி அடித்தேன். இல்லை. இரண்டு நிமிடத்துக்கு முன் அதே திரையில் பார்த்த ஆள், அதே மெஷினில், இல்லை. என்ன நடந்தது என்று அந்த இடத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததுதான் கொடுமை.

முழுப் பெயரைத் தேடும்போது டேட்டாபேஸ் ஒவ்வொரு பதிவாகப் புரட்டாது. வரிசைப்படுத்தி வைத்த இன்டெக்ஸில், இந்தப் பெயர் இந்த இடத்தில்தான் இருக்க வேண்டும் என்று நேரே போகும். அந்த இன்டெக்ஸ் பழைய மெஷினில், பழைய லைப்ரரியின் விதிப்படி வரிசையானது. பழையது பெயருக்கு நடுவில் வருகிற அந்தச் சாய்கோட்டைக் கணக்கிலேயே எடுத்துக்கொள்ளாது. புதியது எடுத்துக்கொள்ளும். அதனால் புது லைப்ரரி ஒரு இடத்தில் போய்த் தேடியது. பெயர் இன்னொரு இடத்தில் இருந்தது. எல்லாப் பெயரும் தவறவில்லை, அதுதான் யாருக்கும் தெரியாமல் போனதற்குக் காரணம். ஏ/எல், ஏ/பி போட்ட பெயர்களில், அதுவும் சிலதுதான் இடம் தவறியிருந்தன. நான் ஒரு சொல்லை மட்டும் போட்டுத் தேடியபோது இன்டெக்ஸ் பக்கமே போகாமல் ஒவ்வொன்றாகப் புரட்டியது, அதனால் கிடைத்தது.

மூன்று நாள் அந்த லைப்ரரியோடு சண்டை போட்டேன். கம்பைல் ஆனதும் சண்டை முடிந்தது என்று நினைத்துவிட்டேன்.

“அன்னிக்கு ஸ்கிரீன்ல வந்ததோட லாக் இருக்கா?” என்றார் சார்.

“இருக்கு சார்.”

“படிச்சுக் காட்டுங்க.”

மேலாளர், சரோஜா, அவர், மூவருக்கும் முன்னால் படித்தேன். அன்று நான் நிறுத்திய இடம் வந்தது. நிறுத்தாமல் படித்தேன். ‘எச்சரிக்கை: இந்தத் தரவுகள் வரிசைப்படுத்தப்பட்ட லைப்ரரியின் வெர்ஷன் வேறு, இப்போது இருப்பது வேறு. இன்டெக்ஸ்களை மறுபடி உருவாக்கவும்.’ ஒரே ஒரு வரி. அதையே திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தது. ஆலயத்தில் எத்தனையோ வாசித்திருக்கிறேன். என் குரல் எனக்கே கேட்காமல் போனது அன்றுதான்.

“இந்த வரியை அன்னிக்கு நான் படிக்கல” என்றேன். “தப்பு என் மேலதான். சரோஜா சரியாத்தான் தேடியிருக்காங்க.”

சார் மேலாளரைப் பார்த்தார். “அவங்க நடுவுல நிறுத்துனது எனக்குத் தெரியும். ஞாயித்துக்கிழமை, எனக்கும் வீட்டுக்குப் போகணும். விட்டுட்டேன். ரிப்போர்ட்ல ரெண்டு பேரையும் எழுதுங்க.”

எழுதினார்கள். சரோஜாவை நிறுத்தி வைக்கும் பேச்சு அதோடு போனது, எனக்கும் சாருக்கும் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அது நியாயம்தான். இன்டெக்ஸ்களை அன்று மதியமே மறுபடி கட்டினோம். அந்தப் பதினொரு நாளில் ரத்தம் ஏற்றிய எல்லோருடைய பெயரையும் அச்செடுத்து, பட்டியலோடு விரல் வைத்து ஒப்பிட்டோம். கோவிந்தனைத் தவிர வேறு யாரும் சிக்கவில்லை. நான் மேசையிலேயே தலை கவிழ்ந்து அழுதேன். சார் வேறு எங்கோ பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

சரோஜாவிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன்.

“நீ வார்னிங் படிக்காதது எனக்குப் பெருசு இல்ல லா” என்றாள். “எனக்கும் கை தவறும். ஆனா நான் பாத்தேன்னு சொன்னேன். எப்படிப் பாத்தேன்னு நீ ஒரு வார்த்த கேக்கல. இருவது வருஷமா என்னத் தெரியும் உனக்கு.”

இன்றும் நாங்கள் பேசிக்கொள்கிறோம், தீபாவளிக்கு முறுக்கு வருகிறது, கிறிஸ்துமஸுக்குக் கேக் போகிறது. ஆனாலும் அந்தக் கேள்வி நடுவில் ஓரமாக உட்கார்ந்திருக்கிறது.

கோவிந்தனைப் பார்க்கப் போகக் கூடாது என்று நிர்வாகத்தில் சிலர் சொன்னார்கள். டாக்டர் ஏற்கெனவே எல்லாவற்றையும் அவரிடம் விளக்கிவிட்டார், உங்களுக்கு என்ன வேலை என்றார்கள். சார் அனுமதி வாங்கி வந்தார். இருவரும் போனோம். பெரிய உடம்பு, கண் இன்னும் மஞ்சள். சிறுநீரகம் மெல்லத் தேறிக்கொண்டிருந்தது. நான் யார், என்ன செய்தேன் என்று மறைக்காமல் சொன்னேன்.

அவர் என் பக்கம் முகத்தைத் திருப்பினார்.

“என் பேரு சரியாத்தானே சொன்னேன்?”

“சரியாத்தான் சொன்னீங்கண்ணே.”

“கவுண்டர்ல சொன்னேன், வார்டுல சொன்னேன், ரத்தம் எடுக்க வந்த பொண்ணுகிட்ட சொன்னேன். அப்பா பேரோட. அப்புறம் எப்படி நான் இல்லாமப் போனேன்?”

விளக்கினேன். சாய்கோடு, வரிசை, புது லைப்ரரி. பாதி கேட்டார், பாதி கேட்கவில்லை. கோபம் இருந்தது, அது அவருக்கு உரியது. கடைசியில் சாரைப் பார்த்தார்.

“பாஸ், நாங்க லோரி பிரேக் மாத்துனா, மொதல்ல காலி லோரிய யார்டுக்குள்ளயே ஓட்டிப் பாப்போம். நின்னாத்தான் ரோட்டுக்கு. நீங்க அப்படி ஒன்னும் செய்யறதில்லையா?”

“செஞ்சோம். பத்தல” என்றார் சார்.

“அப்ப இனிமே மெஷின நோண்டுனா, மொதல்ல என் பேரத் தேடுங்க. முழுப் பேரு, அப்பா பேரோட. நான் கிடைச்சாத்தான் மத்தவங்கள உள்ள விடணும்.”

விளையாட்டாகச் சொல்கிறார் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை. மறுநாள் சார் ஒரு தாளில் அதை எழுதிக்கொண்டுபோய், அவருடைய பெயரைச் சோதனைக்குப் பயன்படுத்தச் சம்மதம் என்று கையெழுத்து வாங்கி வந்தார். அந்தத் தாள் கோப்பில் இருக்கிறது, ஹரிணி. அதுதான் பதினான்காவது படி. கோவிந்தன் அதற்குப் பிறகு நன்றாகத் தேறி, லோரியை விட்டுவிட்டு, ஆறு மாதத்துக்கு ஒரு முறை செக்கப்புக்கு வந்துகொண்டிருந்தார். என்னை வராந்தாவில் பார்த்தால், “என்னக்கா, நான் இருக்கேனா?” என்பார். “இருக்கீங்கண்ணே” என்பேன்.

இவ்வளவும் எழுதிவிட்டு, நேற்றுக் காலை அனுப்புவதற்கு முன் ஹரிணியை அழைத்தேன். அந்தப் படியை எடுக்காதே, காரணம் எழுதி வைத்திருக்கிறேன், டப்பா மூடி வந்தாலும் அதற்குள் ஒரு லைப்ரரி இருக்கத்தான் செய்யும் என்றேன்.

“சரிக்கா” என்றாள். பிறகு, “அன்னிக்கே சொல்லியிருக்கணும். நீங்க லோரி ஓட்டுனவருன்னு சொன்ன விதத்தப் பாத்து சொல்ல வரல. அவரு தவறிட்டாருக்கா. போன மாசம், வயசு காரணமாத்தான். ரெக்கார்டுல அப்படித்தான் மாத்தியிருக்காங்க. உயிரோட இல்லாதவரு பேர வச்சு டெஸ்ட் பண்ண வேணாமேன்னுதான் எடுக்கலாமான்னு கேட்டேன்.”

பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். கீழே கொமுட்டர் போயிற்று.

“இப்ப ஆபீஸ்லதானே இருக்க?”

“ஆமாக்கா.”

“முழுப் பேரையும் அடி.”

கீபோர்டின் சத்தம் கேட்டது. நான் போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

“வந்துடுச்சுக்கா.”

“படிச்சுக் காட்டு. ஒரு வரியும் விடாம.”

ஹரிணி படித்தாள். கோவிந்தன் ஏ/எல் முத்துசாமி. ஒரு பதிவு கிடைத்தது. ரத்த வகை. எந்த ரத்தம் அவருக்குக் கொடுக்கவே கூடாது என்ற சிவப்பு எச்சரிக்கை. இறந்த தேதி. பதிவு செய்தவர் பெயர். இறந்த தேதியைப் படிக்கும்போது அவள் குரல் கொஞ்சம் தளர்ந்தது, ஆனாலும் நிறுத்தவில்லை.

“அவ்வளவுதான்க்கா. இருக்காரு.”

“அப்ப திறக்கலாம்” என்றேன்.